காட்டுயிர் மேற்படிப்பு: அமெரிக்காவா, ஐரோப்பாவா, டேராடூனா?

விலங்கியலோ வனவியலோ முடிக்கப்போகும் மாணவர்கள் கேட்பது, ‘காட்டுயிர் உயிரியல் படிக்க எந்த நாட்டுக்குப் போகலாம்?’ என்று. அவர்களுடைய அப்பா அம்மா கேட்பது, ‘எவ்வளவு ஆகும், படித்தால் வேலை கிடைக்குமா?’ என்று. நான் அப்பா அம்மா கட்சி. இந்தத் துறையில் எந்த நாட்டிலும் சம்பளம் பெரிதாக இல்லை. கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவர் நாற்பது லட்சம் கடன் வாங்கினால் அடைத்துவிடுவார் என்று நம்பவாவது ஒரு காரணம் இருக்கிறது. யானை வலசையை ஆராயப் போகிறவர் அதே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், பல வருடம் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் நாட்டின் பெயரைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, படிப்புக்கான பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்திலிருந்து வரலாம். கட்டணமே வாங்காத அரசாக இருக்கலாம். உதவித்தொகையாக இருக்கலாம். இல்லையென்றால் வீட்டு நிலத்தை விற்ற காசு. முதல் மூன்றில் ஏதாவது ஒன்று அமைந்தால் கிளம்பலாம். நான்காவது என்றால் வேண்டாம்.

அமெரிக்கா: சேர்க்கையா, வேலையா?

அமெரிக்காவில் ஆய்வு வழி எம்.எஸ். என்பது கல்லூரியில் சேர்வதைவிட வேலைக்குச் சேர்வதற்குத்தான் நெருக்கம். ஒரு பேராசிரியருக்கு மாநில வனவிலங்குத் துறையிடமிருந்து இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு திட்டம் கிடைக்கும். ஒரு மாணவருக்கான கட்டணமும் மாதச் சம்பளமும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே இருக்கும். அவர் விளம்பரம் கொடுப்பார், நீங்கள் மனுப் போடுவீர்கள், ஜூமில் பேசுவார், ‘இவர்தான்’ என்று முடிவு செய்வார். அதற்கு அப்புறம்தான் பல்கலைக்கழக விண்ணப்பம். நம் ஊர்ப் பழக்கத்தில் எட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். கைடு இல்லாமல் வரும் விண்ணப்பம் இந்தத் துறைகளில் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். இந்த விளம்பரங்களுக்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் நடத்தும் இணைய வேலைப் பலகையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சம்பளம் பெரும்பாலும் ஆண்டுக்கு இருபதாயிரம் டாலருக்கு மேலே, முப்பதாயிரத்துக்குக் கீழே. ஒரு ஆள் சிக்கனமாக வாழலாம், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அங்கே என்ன ஆராயப்போகிறோம் என்பது விளங்கும். 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வசூலிக்கப்பட்டு, மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. வேட்டைக்காரர்கள் கட்டும் காசு என்பதால் ஆய்வின் பெரும்பகுதியும் வேட்டை விலங்குகளைச் சுற்றியே நடக்கிறது: வெள்ளைவால் மான், காட்டு வான்கோழி, எல்க் என்ற பெரிய மான், வாத்து, காடை. சத்தியமங்கலத்தில் சிறுத்தைக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஜார்ஜியாவில் வான்கோழிக் குஞ்சு எத்தனை பிழைத்தது என்று எண்ணும் வேலைதான் அமையும்.

அதை மட்டமாக நினைக்க வேண்டாம். நம் ஊரில் ஒரு விலங்குக்கு ரேடியோ காலர் மாட்ட அனுமதி வாங்குவதற்குள் திட்டக் காலமே தீர்ந்துவிடுவதுண்டு. அங்கே ஒரே பருவத்தில் டஜன் கணக்கில் மாட்டுவார்கள். அவ்வளவு டேட்டா வந்தால்தான் எண்ணிக்கை முறைகளைக் கையால் செய்து கற்றுக்கொள்ள முடியும். பிடித்து, அடையாளமிட்டு, விட்டு, மறுபடி பிடித்துக் கணக்கிடும் முறைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ‘மார்க்’ மென்பொருள் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. நாகரஹொளே போன்ற காடுகளில் கேமரா ட்ராப் படங்களின் வரிக்கோடுகளை வைத்துப் புலிகளை எண்ணும் முறையை உல்லாஸ் கரந்த் கொண்டுவந்தபோது, கணக்குப் பக்கம் கைகொடுத்தவர் அமெரிக்க அரசின் புள்ளியியல் ஆய்வாளர் ஜேம்ஸ் நிக்கல்ஸ். வான்கோழியில் கற்ற கணக்கு புலிக்கும் செல்லும். அமெரிக்கப் படிப்பில் நாம் வாங்க வேண்டியது இதைத்தான், விலங்கை இல்லை.

விளம்பரங்களை வரி வரியாகப் படியுங்கள். ‘செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் வேண்டும், பிக்கப் வண்டியில் ட்ரெய்லர் இழுக்கத் தெரிந்தால் நல்லது, இருபது கிலோ சுமையோடு பாதையில்லாத மலையில் நடக்க வேண்டும், உறைபனியில் தனியாக வேலை செய்ய வேண்டும்’ என்று இருக்கும். இதெல்லாம் அலங்காரத்துக்கு எழுதியது இல்லை. மான்டானாவில் ஃபீல்டுக்குப் பேருந்து போகாது. ஸ்கூட்டி ஓட்டத் தெரியும் என்பது அங்கே செல்லாது. கிளம்புவதற்கு முன் கார் ஓட்டப் பழகி உரிமம் எடுத்துவிடுங்கள். ஐஇஎல்டிஎஸ் பயிற்சிக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசி போதும்.

பேராசிரியருக்கு எழுதும் மெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் மெயில் பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: ‘மதிப்பிற்குரிய ஐயா, சிறு வயது முதலே எனக்கு விலங்குகள் மேல் தீராத ஆர்வம். தங்களின் மேலான ஆய்வகத்தில் ஒரு வாய்ப்பு அளித்தால்…’ இதே மெயில் ஐம்பது பேருக்குப் போயிருக்கிறது என்று முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இதையே இப்படி எழுதலாம்: ‘எல்க் கன்றுகள் பிழைப்பதைப் பற்றி நீங்கள் கொடுத்திருக்கும் எம்.எஸ். இடத்துக்கு எழுதுகிறேன். முதுமலையில் கடமான், புள்ளிமான் எண்ணிக்கைக்காக ஆறு மாதம் நேர்கோட்டுப் பாதை நடந்திருக்கிறேன். அந்த டேட்டாவை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் நானே பகுத்தேன். உங்கள் திட்டத்தில் ஓநாய் இருக்கும் பகுதியையும் இல்லாத பகுதியையும் ஒப்பிடுகிறீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.’ நாலே வரி. என்ன செய்திருக்கிறீர்கள், எதைக் கையாளத் தெரியும், அவருடைய விளம்பரத்தைப் படித்தீர்களா என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறது. பதில் வரவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தடை உண்டு. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்கு வருட இளநிலைப் பட்டம் கேட்கும். மேட்டுப்பாளையத்தில் பி.எஸ்சி. வனவியல் படித்தவர்களுக்கும் கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் உள்ளூரில் ஒரு எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போவதுதான் வழி. அது நஷ்டம் இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

படித்த பிறகு வேலை? மாணவர் விசாவோடு ஒரு வருடம் வேலை பார்க்கலாம், அறிவியல் பட்டம் என்பதால் மேலும் 24 மாதம் நீட்டிப்பு கேட்கலாம். ஆனால் இந்தத் துறையின் பெரிய முதலாளி அரசாங்கம். தேசியப் பூங்காத் துறை, மீன்–வனவிலங்குத் துறை போன்ற ஒன்றிய அரசு வேலைகள் அனேகமாகக் குடிமக்களுக்கு மட்டும். மாநிலத் துறைகள் விசாவுக்குப் பொறுப்பேற்பது அபூர்வம். ஆக, கூடப் படித்த அமெரிக்க மாணவர் எம்.எஸ். முடித்ததும் மாநில அரசின் மான் உயிரியலாளர் ஆகிவிடுவார். நீங்கள் பிஎச்.டி.க்கோ, சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்துக்கோ, ஊருக்கோதான் போக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

இப்போதைய நிலவரமும் சுமாராகத்தான் இருக்கிறது. 2025-இல் ஆராய்ச்சி நிதிகள் பல வெட்டப்பட்டன, மாணவர் விசா நேர்காணல்கள் சில வாரம் நிறுத்தி வைக்கப்பட்டன. 1935-இலிருந்து பல்கலைக்கழகமும் மாநிலமும் ஒன்றிய அரசும் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வு அலகுகள்தான் இந்தத் துறை மாணவர்களுக்கு நாற்றங்கால். அவை இருக்கும் பிரிவையே கலைக்கலாம் என்று 2026-க்கான வெள்ளை மாளிகை பட்ஜெட் யோசனையில் எழுதினார்கள். யோசனை வேறு, நடப்பது வேறு. இருந்தாலும் ‘இந்தத் திட்டத்துக்குப் பணம் எத்தனை வருடத்துக்கு உறுதியாகிவிட்டது, யார் கொடுக்கிறார்கள்?’ என்று பேராசிரியரிடம் நேராகக் கேட்பதில் தப்பே இல்லை. அங்கே யாரும் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இங்கிலாந்து: ஒரு வருடம், முழுக் காசு

எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகத்தில் காட்டுயிர் உயிரியலும் பாதுகாப்பும் என்றே ஒரு எம்.எஸ்சி. இருக்கிறது. கென்ட் பல்கலைக்கழகத்தின் டரல் நிறுவனம் 1989-இலிருந்து பாதுகாப்பு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறது. கண்ணில் பட்ட விலங்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று அளந்து எண்ணிக்கையைக் கணக்கிடும் முறைகளுக்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ்தான் தாய்வீடு. படிப்பின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அதன் அமைப்பில்தான்: இது நீங்கள் வாங்கும் படிப்பு. கட்டணம் மட்டும் 20,000 பவுண்டை ஒட்டித் தொடங்கி, பெயர்பெற்ற இடங்களில் 30,000-ஐத் தாண்டும். ஆறேழு மாதம் வகுப்பு, மிச்சம் இருக்கும் நாட்களில் ஒரு சின்ன ஆய்வு. ஒரு பருவம் கூட முழுதாகக் காட்டில் இருக்க நேரம் இல்லை. படித்த பிறகு தங்கி வேலை தேடும் காலமும் இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இது பொருந்தும்.

ஏஜென்சிக்காரர்கள் இந்தப் படிப்புகளைத்தான் முதலில் காட்டுவார்கள். பேராசிரியர் ஆள் எடுக்கும் இடத்தில் அவர்களுக்கு வேலையே இல்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை கிடைத்தால் கதையே வேறு. காமன்வெல்த் உதவித்தொகையும், பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகையும் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவும் தரும். செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். கோவை ஆனைகட்டியில் சாக்கான் என்ற பறவையியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்து 2009-இல் காலமான ரவி சங்கரன் பேரில், காட்டுயிர்ப் பாதுகாப்பு படிப்பவர்களுக்கென்றே இன்லாக்ஸ் அறக்கட்டளை ஒரு உதவித்தொகையை ஏற்படுத்தியது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தையும், ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகையையும் பார்த்தே ஆக வேண்டும். இவற்றில் ஒன்று கையில் இருந்தால் இங்கிலாந்துதான் சட்டென்று முடியும் நல்ல வழி. ஒரு வருட எம்.எஸ்சி. இந்தியாவில் செல்லுமா என்ற பழைய பயமும் 2022-இல் இரு நாடுகளும் பட்டங்களை ஏற்றுக்கொள்ளப் போட்ட ஒப்பந்தத்தோடு பெரிய அளவில் தீர்ந்தது.

ஜெர்மனியும் அக்கம்பக்கமும்

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கிடையாது. ஃபிரைபர்க் இருக்கும் பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் வெளிநாட்டவரிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-லிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. ‘இலவசம்’ என்ற சொல்லைக் கேட்டு மட்டும் கிளம்பிவிடக் கூடாது. விசாவுக்கு முன் வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ. அது உங்கள் காசுதான், மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். ஆனால் முதலில் புரட்ட வேண்டும். இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வேறு கட்டாயம்.

‘காட்டுயிர் உயிரியல்’ என்ற பெயரிலேயே ஆங்கிலவழிப் படிப்பு தேடினால் அதிகம் சிக்காது. சூழலியல், பல்லுயிரியம், பரிணாமம் என்ற பெயர்களில் தேட வேண்டும், கோட்டிங்கன் ஒரு நல்ல தொடக்கம். ஜெர்மனியின் உண்மையான பலம் பிஎச்.டி.யில் இருக்கிறது. அங்கே பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் ஒப்பந்தச் சம்பளக்காரர். காய்ச்சல் வந்தால் விடுப்பு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் உண்டு. பெர்லினில் இருக்கும் லைப்னிட்ஸ் காட்டுயிர் ஆய்வு நிறுவனமும், கான்ஸ்டன்ஸ் பக்கம் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் விலங்கு நடத்தை நிறுவனமும் உலகத் தரம். அங்கே சேர எம்.எஸ்சி. வேண்டும், அது எந்த ஊர் எம்.எஸ்சி. என்பதைவிட அதில் செய்த தீசிஸ் என்ன என்றுதான் பார்ப்பார்கள்.

நார்வே இலவசம் என்று இன்னும் சில யூடியூப் காணொளிகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2023 இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்கள் அங்கேயும் கட்டணம் கட்ட வேண்டும். ஸ்வீடனில் 2011-லிருந்தே கட்டணம்தான், ஆனாலும் ஊமியோவில் வேளாண் பல்கலைக்கழகம் நடத்தும் மீன்–காட்டுயிர் மேலாண்மைப் படிப்பு அருமையானது. இரு நாட்டிலும் பிஎச்.டி.க்கு நல்ல சம்பளம். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும், ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்கும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோவும் உண்டு. போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிக்கக் காசு கேட்பதில்லை. எழுதிப் பார்க்காமல் இருக்கக் காரணமே இல்லை.

நியூசிலாந்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: பிஎச்.டி.க்கு வரும் வெளிநாட்டு மாணவர் அங்கே உள்நாட்டு மாணவரின் கட்டணம்தான் கட்டுகிறார். எலி, மரநாய் வகைகளை ஒழித்துப் பறவைகளைக் காப்பாற்றும் வேலையை ஆராய அதைவிட நல்ல இடம் இல்லை. ஆஸ்திரேலியாவில் மாணவர் விசா விண்ணப்பத்துக்கே 2,000 ஆஸ்திரேலிய டாலர். ஆய்வு உதவித்தொகை உறுதியாகாமல் அங்கே யோசிக்கவே வேண்டாம். கனடாவின் ஆய்வு எம்.எஸ்சி. ஏறக்குறைய அமெரிக்க முறைதான்: கைடு முதலில், சம்பளத்தோடு.

உள்ளூரை விட்டுவிட வேண்டாம்

டேராடூனில் இருக்கும் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் எம்.எஸ்சி. 1988-இல் தொடங்கியது. பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) நடத்தும் காட்டுயிர் எம்.எஸ்சி. 2004-இலிருந்து நடக்கிறது. இரண்டிலும் ஒரு அணிக்கு இருபது பேருக்குள்தான். பெங்களூரில் வருடா வருடம் சேர்க்கை கிடையாது. நுழைவுத் தேர்வு, நேர்முகம் என்று சல்லடை போட்டுத்தான் எடுப்பார்கள். உள்ளே போய்விட்டால், பாதிப் படிப்பு காட்டில். தமிழ்நாட்டிலேயே மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும், ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது. இவற்றின் பெயர் வெளிநாட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நாடு முழுக்க நடக்கும் களத் திட்டங்களில் மன்னம்பந்தல்காரர் ஒருவராவது இருப்பார். ஆனைகட்டி சாக்கான் இப்போது டேராடூன் நிறுவனத்தின் தென்னிந்திய மையம், திட்ட உதவியாளர் இடங்கள் அங்கே அடிக்கடி வரும்.

இங்கே படிப்பதன் லாபம் கட்டணம் குறைவு என்பதோடு நிற்பதில்லை. மனிதர் குடியிருக்கும் இடத்துக்கு நடுவே யானையும் சிறுத்தையும் வாழும் நிலைமையை மேலைநாட்டு வகுப்பறையில் படமாகத்தான் பார்க்க முடியும். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வருடம் யானைகளின் பின்னால் நடந்தவரிடம் இருப்பது வேறு எங்கும் வாங்க முடியாத சரக்கு. அதோடு இன்னொன்று: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிந்துகொண்டு நம் காட்டில் ஆய்வு செய்யலாம் என்று திட்டமிடுபவர்களுக்கு அனுமதி விஷயம் கண்ணைக் கட்டும். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர வேண்டும். உயிரியல் பன்மைச் சட்டத்தின் பார்வையில், வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டவரும் வெளிநாட்டவர் வரிசையில்தான் நிற்கிறார். சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். எச்சம், முடி, ரத்தம் என்று மாதிரிகளை வெளியே எடுத்துப் போவது அதைவிடப் பெரிய தலைவலி. இங்கே ஒரு நிறுவனத்தோடு கைகோத்துக்கொண்டு, ஆய்வகச் சோதனையை இங்கேயே முடிப்பவர்கள்தான் பிழைக்கிறார்கள். அந்த உறவுகள் உள்ளூரில் படித்தவருக்குத்தான் கைவசம் இருக்கும்.

முன்னே போனவர்கள் இரண்டு விதமாகவும் போயிருக்கிறார்கள். நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1970-களில் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆனார். அப்புறம்தான் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் போனார், திரும்பி வந்து டேராடூனில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். உல்லாஸ் கரந்த் நேர் எதிர்: பொறியியல் படித்து, விவசாயம் பார்த்து, புளோரிடா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்., பிறகு மங்களூர் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. இருவரும் வெளிநாட்டில் எடுத்துக்கொண்டது முறை. விலங்கும் காடும் இங்கே.

சரி, யார் என்ன செய்யலாம்? மூன்று வருட பி.எஸ்சி. கையில், களத்துக்கே போனதில்லை என்றால் உள்ளூர் எம்.எஸ்சி. தான். அதில் ஒரு உருப்படியான தீசிஸ், ஆர் மென்பொருள், ஒரு ஆய்வுக் கட்டுரை. அப்புறம் சம்பளம் தரும் பிஎச்.டி.க்கு ஜெர்மனி, ஸ்வீடன், அமெரிக்கா என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நல்ல வழி என்பேன். வனவியலோ கால்நடை மருத்துவமோ முடித்து, ஒன்றிரண்டு வருடம் திட்டங்களில் அலைந்தவர் நேராக அமெரிக்க, கனடிய எம்.எஸ். விளம்பரங்களுக்கு எழுதலாம். ஏற்கெனவே தொண்டு நிறுவனத்தில் நான்கைந்து வருடம் இருந்துவிட்டு, மேலே போக ஒரு பட்டம் தேவைப்படுபவருக்கு உதவித்தொகையோடு இங்கிலாந்து. வன அலுவலர் ஆவதுதான் கனவென்றால் இதெல்லாம் எதுவும் வேண்டாம். இந்திய வனப் பணித் தேர்வுக்கு விலங்கியல் பட்டமே போதும், அந்த நேரத்தை அதற்குப் படிக்கச் செலவிடுங்கள்.

எங்கே இடம் கிடைத்தாலும், சம்மதம் சொல்வதற்கு முன் அந்த ஆய்வகத்தில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவருக்கும், அங்கே முடித்துப் போன ஒருவருக்கும் தனியாக எழுதுங்கள். கோடையிலும் சம்பளம் வருகிறதா, பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்யாத கட்டணம் செமஸ்டருக்கு எவ்வளவு கைக்காசிலிருந்து போகிறது, ஃபீல்டு வண்டிக்கு எரிபொருள் யார் போடுகிறார்கள், கைடு தீசிஸ் வரைவைத் திருப்பித் தர எத்தனை வாரம் எடுக்கிறார், கடைசியாகப் படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். பேராசிரியர் ஜூமில் சொல்லாததை இவர்கள் சொல்லிவிடுவார்கள்.